பழைய வண்டியும் பந்தயத் தடமும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய கார்களை அமெச்சூர் கிளப் பந்தயத்துக்குத் தயார் செய்வது பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம். “எத்தனை குதிரைத்திறன் ஏற்றலாம்?” என்று மட்டும் கேட்டவர்கள் முதல் பதிலைப் படித்தால் போதும்.

வடசேரி வாசகர், நாகர்கோவில்: 2003 மாடல் மாருதி எஸ்டீம் வைத்திருக்கிறேன். மூன்று லட்ச ரூபாய் ஒதுக்கியாயிற்று. கேம்ஷாஃப்ட், ஹெட்டர், இ.சி.யு. ரீமேப் என்று பவர் ஏற்றும் வேலை மூன்றும் செய்தால் வண்டி ரெடி என்கிறார் ஒர்க்‌ஷாப் அண்ணன். சரிதானா?

வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் வாங்க வேண்டியது விதிப்புத்தகம். நீங்கள் ஓட நினைக்கும் போட்டியின் இந்த ஆண்டுத் தொழில்நுட்ப விதிகளை இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எப்.எம்.எஸ்.சி.ஐ.யிடமோ போட்டி நடத்தும் கிளப்பிடமோ கேட்டு வாங்குங்கள். எந்தப் பிரிவில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அதில் பாகம் பாகமாக இருக்கும். அனுமதி இல்லாத ஒரு கேம்ஷாஃப்ட் போதும், உங்களைப் போல இரண்டு மடங்கு செலவு செய்தவர்களோடு மேல் பிரிவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அல்லது போட்டிக்கு முந்தைய வண்டிப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எஸ்டீம் நல்ல தேர்வு. ஏறக்குறைய 85 குதிரைத்திறன் தரும் 16 வால்வு இன்ஜின், 900 கிலோவுக்குள் எடை. நம் நாட்டுத் தடங்களில் நெடுங்காலம் ஓடிய வண்டி என்பதால் அதில் எது உடையும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் 20 வயது கடந்த வண்டியில் இன்ஜினுக்கு முன்னால் செத்துப்போவது ரப்பர். சஸ்பென்ஷன் கீழ்க் கை புஷ், இன்ஜின் மவுன்ட், பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், வேக்குவம் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் என்று ஒன்று விடாமல் மாற்றுங்கள். பெட்ரோல் ஹோஸில் கூடுதல் கவனம் வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதில் ஊறி, உப்பி, உள்ளுக்குள்ளேயே உரிந்துவிடும். இன்ஜெக்‌ஷன் அழுத்தம் தாங்கும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 தர ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். கிளாம்ப்பும் உள்பக்கம் வழவழப்பான பட்டையாக இருக்கட்டும். பல் வெட்டிய சாதாரணக் கிளாம்ப் ஹோஸைக் கடித்து வெட்டிவிடும்.

“இன்ஜின் நன்றாக இருக்கிறது” என்பதைக் காதால் முடிவு செய்யாதீர்கள். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி கம்ப்ரஷன் பாருங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் தொடாதீர்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகப்படலாம்.

பணத்தைச் செலவிட வேண்டிய வரிசை: கூண்டு (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் எஃகுக் குழாய்ச் சட்டம்), சீட், பெல்ட், அடுத்து பிரேக், அடுத்து குளிர்விப்பு, அடுத்து டயரும் அலைன்மென்ட்டும். மூன்று லட்சம் இதற்குள்ளேயே தீர்ந்துவிடும். மிச்சம் இருந்தால் பயிற்சிக்குச் செலவழியுங்கள். தடத்தில் கூடுதலாக ஓடும் ஒரு முழு நாள் தரும் நேரக்குறைப்பை 10 குதிரைத்திறன் தராது.

குளச்சல் வாசகர்: கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் நின்ற வண்டி. வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கிறது. துருவை எங்கே தேடுவது? விசைப்படகுக்கு வெல்டிங் செய்யும் எங்கள் மேஸ்திரியே கூண்டும் கட்டித் தருவதாகச் சொல்கிறார்.

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது; போதாததற்கு உப்புக்காற்று. வண்டி உள்ளிருந்துதான் அரிக்கும். கார்ப்பெட், அதன் அடியிலுள்ள பஞ்சு, தார் ஷீட் எல்லாவற்றையும் எடுங்கள். எப்படியும் எடை குறைக்க எடுக்கத்தான் வேண்டும். பிறகு ஒரு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்தது பொத்தென்று ஒலிக்கும். சந்தேகப்படும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். முன் சஸ்பென்ஷன் டவரின் மேல் தட்டு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகடு, ஜாக்கி வைக்கும் இடம், சீட் பூட்டும் குறுக்குத்தகடு, முன் கண்ணாடிக்குக் கீழே இலை சேரும் பள்ளம், பின் சஸ்பென்ஷன் பூட்டும் இடம் எல்லாவற்றையும் இப்படிப் பாருங்கள். பெட்டித்தகட்டின் வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் உள்ளே தண்ணீர் நின்றிருக்கிறது.

அடிப்பக்கம் ஓடும் பிரேக் குழாயைப் பார்த்துவிட்டு நேரம் கடத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். செப்பு–நிக்கல் கலவைக் குழாய், 4.75 மி.மீ. கிடைத்தால் உப்புக்கு நன்றாகத் தாங்கும். முனையை இரட்டை மடிப்பாகத்தான் விரிக்க வேண்டும்.

கூண்டு வேறு விஷயம். மேஸ்திரியின் கைத்திறனில் குறை இல்லை. படகில் அவர் ஒட்டுவது கனத்த தகடு. அதற்குப் பழகிய ஆர்க் வெல்டிங், 2 மி.மீ. சுவருள்ள குழாயில் ஓட்டை போடும் அல்லது மேலோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்காது. மிக் அல்லது டிக் வெல்டிங் வேண்டும். அவரிடம் அந்த இயந்திரம் இருந்தால், அதே குழாயில் இரண்டு துண்டை ஒட்டச் சொல்லி, நடுவே அறுத்துப் பாருங்கள். வெல்ட் சுவரின் உள்வரை இறங்கியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

குழாய் மேலும் முக்கியம். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எப்.ஐ.ஏ.வின் விதி கேட்பது தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகு. ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். மற்றக் குழாய்கள் 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. பந்தல் போடும் ஜி.ஐ. பைப்பை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அது நீளவாக்கில் தைத்த குழாய். துத்தநாகப் பூச்சு வெல்டில் குமிழி விடும். அந்தப் புகையும் ஒட்டுபவர் உடம்புக்கு ஆகாது. மணல் அடைத்துச் சூடாக்கி வளைக்கும் பழைய முறையும் வேண்டாம். குளிர்நிலையில், குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையாத ஆரத்தில், உள்பக்கம் சுருக்கம் விழாமல் வளைக்க வேண்டும்.

கூண்டின் கால் வெறும் தரைத்தகட்டில் நின்றால் விபத்தில் தகட்டைக் குத்திக்கொண்டு இறங்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் 3 மி.மீ. கனமும் குறைந்தது 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள வலுத்தட்டு வேண்டும். போல்ட் போட்டுப் பொருத்தும் கூண்டென்றால் காலுக்கு மூன்று எம்8 போல்ட்டாவது, 8.8 கிரேடில். அந்தத் தட்டு உட்காரும் இடத்தில் துரு இருந்தால் முதலில் தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக வையுங்கள். கூரையை ஒட்டிய மூட்டுகளின் மேல்பக்கத்தை வெல்ட் செய்ய முடியாமல் விட்டுவிடுவதுதான் அடிக்கடி காணும் தவறு. கால் நிற்கும் இடத்தில் தரையில் துளையிட்டுக் கூண்டைக் கீழே இறக்கி, மேல் மூட்டுகளைச் சுற்றிலும் ஒட்டி முடித்து, பிறகு தூக்கி அடியில் தட்டு வைத்து மூடுவது வழக்கமான வழி. வேலை தொடங்கும் முன் வரைபடத்தைக் கிளப்பின் தொழில்நுட்பப் பரிசோதகரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கட்டிய பிறகு “இந்தக் குறுக்குக் கம்பி எங்கே?” என்று கேட்டால் பெயின்ட் முதல் எல்லாம் மறுபடி செய்ய வேண்டும்.

தக்கலை வாசகர்: ஹோண்டா சிட்டி வி-டெக். பயிற்சி நாளில் நாலாவது சுற்றுக்குப் பிறகு பிரேக் பெடல் கீழே போகிறது. புது பேட் போட்டும் அதே கதை.

பெடல் எப்படிப் போகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. பெடல் பஞ்சு போல மெத்தென்று தரைவரை இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி விட்டிருக்கிறது. பெடல் கல் போல நின்றும் வண்டி நிற்காவிட்டால் பேட் சூடு தாங்காமல் வழுக்குகிறது. மூன்றாவது ஒன்று உண்டு: வேக வளைவிலோ தட ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏறி இறங்கிய பிறகோ முதல் மிதி மட்டும் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் சரியானால், வீல் பேரிங்கில் ஆட்டம். டிஸ்க் அசைந்து பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அதற்குப் பேட் மாற்றியும் பயனில்லை, ஆயில் மாற்றியும் பயனில்லை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் வகை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம்மூர்க் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. தர விதிப்படி குறைந்தபட்சக் கொதிநிலை, டாட் 3க்குப் புதிதில் 205 டிகிரி, ஈரம் ஏறிய பின் 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. பந்தயத்துக்கென்று விற்கும் டாட் 4 ஆயில்களில் 300 டிகிரியைத் தாண்டுபவையும் உண்டு. அவை ஈரத்தை வேகமாக இழுப்பதால் ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் மாற்ற வேண்டும். வெறும் ‘டாட் 5’ என்று எழுதிய டப்பா சிலிக்கோன், வாங்காதீர்கள். பெரிய டப்பா வேண்டாம். அரை லிட்டர் டப்பா இரண்டு போதும். திறந்து வைத்த மிச்சத்தைக் கிளட்ச்சுக்கு விடலாம், பிரேக்குக்கு ஆகாது.

ஆயில் மாற்றும்போது பழைய ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு எஃகுப் பின்னல் ஹோஸ் போடுங்கள். சக்கரத்தை முழுக்க இருபுறமும் திருப்பி, சஸ்பென்ஷனை ஏற்றி இறக்கி, ஹோஸ் எங்கும் இழுபடவோ உரசவோ இல்லை என்று பாருங்கள். பின்பக்கம் டிரம் என்றால் அட்ஜஸ்டரையும் பாருங்கள். லைனிங் டிரம்மிலிருந்து விலகியிருந்தாலே பெடல் பாதி ஆழம் போகும். பலர் இதை ஆயிலின் தவறு என்று எண்ணி நான்கு முறை பிளீட் செய்து (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி) களைத்துப்போகிறார்கள்.

துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. தடத்தில் துளையிலிருந்து துளைக்கு விரிசல் ஓடும். கம்பெனி அளவிலான சாதா டிஸ்க்கே நல்லது. காற்றுக் குழாய் விட விதி அனுமதித்தால் முன் பம்பரிலிருந்து 63 அல்லது 75 மி.மீ. நெகிழ்குழாயை டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோங்கள், அங்கிருந்து உள் துடுப்புகள் வழியே காற்று வெளியேறும். ஒரு முகத்தில் மட்டும் காற்று அடித்தால் டிஸ்க் கோணிக்கொள்ளும். புது பேடைப் பழக்க, 100 கி.மீ. வேகத்திலிருந்து 30 வரை எட்டுப் பத்து முறை அழுத்திப் பிடியுங்கள், எங்கும் முழுதாக நிறுத்த வேண்டாம். பிறகு பிரேக் தொடாமல் ஒரு சுற்று ஓட்டி ஆற விடுங்கள். பிட்டுக்கு (தடத்தை ஒட்டி வண்டி நிறுத்தும் இடத்துக்கு) வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பெடலையும் மிதித்துக்கொண்டு நிற்காதீர்கள். சூடான பேட் டிஸ்க்கில் தன் அச்சைப் பதித்துவிடும். அடுத்த ஓட்டத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

மார்த்தாண்டம் வாசகர், துபாயிலிருந்து: இங்கே இரண்டாம் தலைமுறை மஸ்தா எம்.எக்ஸ்-5, 1.8 இன்ஜின், வாங்கியிருக்கிறேன். ஆட்டோடிரோமில் கிளப் பந்தயம் ஓட ஆசை. எதை முதலில் பார்க்க வேண்டும்?

ரேடியேட்டரை. பழைய எம்.எக்ஸ்-5 ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். பச்சை கலந்த பழுப்பாக மாறியிருந்தால் அது எந்த நேரமும் வெடிக்கும். அலுமினிய ரேடியேட்டர், புது ஹோஸ், புது மூடி, புது தெர்மோஸ்டாட் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இந்த இன்ஜின் குடும்பம் முதலில் குறுக்கே பொருத்தும் முன்சக்கர வண்டிகளுக்காக வடிவமைக்கப்பட்டது. அதில் தண்ணீர் வெளியேறும் வழி ஹெட்டின் பின்முனையில் இருந்தது. எம்.எக்ஸ்-5இல் இன்ஜினை நீளவாக்கில் வைத்தபோது அந்த வழி முன்பக்கம் வந்துவிட்டது. தண்ணீர் முன்னால் ஏறி முன்னாலேயே வெளியேறுவதால் நான்காம் சிலிண்டர் பக்கம் ஓட்டம் குறைவு, சூடு அதிகம். தெருவில் ஓட்ட இது பொருட்டில்லை. துபாய் வெயிலில் 20 நிமிடம் முழு வேகத்தில் ஓட்ட, தெர்மோஸ்டாட்டைப் பின்முனைக்கு மாற்றும் கிட் போடுவது நல்லது. விதி அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டாஷ்போர்டு மீட்டரை நம்பாதீர்கள். வெப்பமுள் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும்படி செய்யப்பட்டது. அது ஏறுவதை நீங்கள் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். ஆயில் அழுத்த முள்ளும் கண்துடைப்புதான். அடியில் இருப்பது உண்டு–இல்லை என்று மட்டும் சொல்லும் சுவிட்ச். தனி மீட்டர் இரண்டு போடுங்கள். சூடான இன்ஜினில் ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.முக்கும் 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பது பழைய கணக்கு. வளைவில் முள் விழுந்தால் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். அளவுக்கோலின் மேல்கோடு வரை நிரப்பி ஓட்டுங்கள். இன்ஜின் சுழற்சியின் உச்ச வரம்பான ரெவ் லிமிட்டை ஏற்ற வேண்டாம். ஆயில் பம்ப்பின் கியர் தூள் உலோகத்தை அழுத்திச் செய்தது, அதிக வேகத்தில் உடையும்.

முன் வீல் ஹப்பைத் தேய்மானப் பொருளாகவே எண்ணுங்கள். ஒட்டும் டயர் போட்டால் கிரீஸ் உருகிப் பேரிங் போகும். ஒவ்வொரு நாளும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஒரு செட் உதிரி கையில் இருக்கட்டும். பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே போனால் நீண்ட வளைவில் இன்ஜின் விக்கும். எடை குறைக்கிறேன் என்று அதற்குக் கீழே விடாதீர்கள்.

கூரை இல்லாத வண்டி என்பதால் ஒரு அளவு தவறவே கூடாது. ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, தலைக்குப் பின்னால் நிற்கும் கூண்டு வளைவின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நேர்க் கம்பு வையுங்கள். ஹெல்மெட் அதற்கு 5 செ.மீ.யாவது கீழே இருக்க வேண்டும். உயரமானவர் என்றால் சீட்டை இறக்க வேண்டும், வளைவை அல்ல உயர்த்த வேண்டியது. வளைவு போடாமல் ஆறுமுனை பெல்ட் மட்டும் போடுவது, ஒன்றும் போடாததைவிட மோசம். வண்டி கவிழும்போது சாய்ந்துகொள்ள வேண்டிய உடம்பை நிமிர்த்திப் பிடித்துவிடும்.

கருங்கல் வாசகர்: அதிகாலையில் நான்குவழிச் சாலை காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே வைத்து செட்டிங் பார்க்கலாமா?

கூடாது. பொதுச் சாலையில் வேகப்பந்தயமும் வேகச் சோதனையும் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின் கீழ் குற்றம். உள்ளே கூண்டு கட்டிய வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் போனால் சின்ன மோதலில்கூடத் தலை குழாயில் மோதும்.

கன்னியாகுமரி வாசகர்: மாமா வைத்திருந்த சான் ஸ்டார்ம் கிடைத்திருக்கிறது. இரண்டு சீட், மேல் திறந்த வண்டி. பந்தயத்துக்கு ஆகுமா?

கோவாவில் செய்த வண்டி. ஃபைபர் உடல், 1149 சி.சி. ரெனோ இன்ஜின். ஃபைபர் துருப்பிடிக்காது, அதனாலேயே பலர் அடியிலிருக்கும் இரும்புச் சட்டத்தைப் பார்ப்பதில்லை. முதலில் அதைப் பாருங்கள். போட்டிப் பிரிவு எதிலும் இது பொருந்துவது கடினம். மிகக் குறைந்த எண்ணிக்கையில் வந்த வண்டிக்குத் தனிப் பிரிவு இருக்காது. நேரச் சோதனை ஓட்டங்களுக்கும் தடப் பயிற்சி நாட்களுக்கும் கொண்டுபோகலாம். உடல் பாகம் உடைந்தால் கடையில் கிடைக்காது. ஆகவே ஓட்டும் முன் முன்மூக்குக்கும் கதவுக்கும் அச்சு எடுத்து வையுங்கள். படகுக்கு ஃபைபர் அடிப்பவர்கள் உங்கள் கடலோரத்திலேயே இருக்கிறார்கள், இந்த வேலை அவர்களுக்குக் கைவந்தது. எங்களைக் கேட்டால் வெட்டாமல் வைத்திருக்க வேண்டிய வண்டி அது.

குலசேகரம் வாசகர்: நான்கு சக்கரத்தின் எடையையும் தனித்தனியே பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். அந்த எடைமேடை செட் லட்சக்கணக்கில் விலை. வேறு வழி?

உங்கள் ஊரில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடையில் 500 கிலோ எலக்ட்ரானிக் எடைமேடை இருக்கும். ஒன்று போதும். அந்த மேடையின் உயரத்துக்குச் சரியாக மூன்று மரக்கட்டைகள் செய்யுங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தரைமட்டத்தைக் கொத்தனாரின் தண்ணீர் ட்யூப் கொண்டு பாருங்கள், சிமென்ட் தரை என்று நம்பிவிட வேண்டாம். மேடையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் மாற்றி மாற்றி வைத்து நான்கு முறை எடை எடுங்கள். டயர் அழுத்தம் சமம், பெட்ரோல் பந்தய அளவு, ஆன்டி-ரோல் பார் இணைப்பு கழற்றியது, ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை. ஒவ்வொரு டயருக்கு அடியிலும் கிரீஸ் தடவிய இரண்டு பாலிதீன் ஷீட் வைத்தால் சஸ்பென்ஷன் பிடிக்காமல் இயல்பாக உட்காரும்.

ஒரு கணக்கு: முன் இடது 285, முன் வலது 305, பின் இடது 178, பின் வலது 182, மொத்தம் 950 கிலோ. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 483, அதாவது 50.8 சதவீதம். இதை 50க்கு அரை சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஸ்பிரிங் தட்டை உயர்த்தினால் அந்த மூலையும் அதன் எதிர்மூலையும் கனக்கும். ஆகவே முன் வலது, பின் இடது தட்டுகளை அரைச் சுற்று இறக்கி, மற்ற இரண்டையும் அரைச் சுற்று ஏற்றி, வண்டியைக் குலுக்கிவிட்டு மறுபடி எடை பாருங்கள். நான்கையும் சேர்த்து மாற்றுவதால் வண்டியின் உயரம் மாறாது. இது சரியாக இல்லாத வண்டி ஒருபக்க வளைவில் நன்றாகத் திரும்பி, மறுபக்க வளைவில் முரண்டு பிடிக்கும். பிரேக் பிடிக்கையில் ஒரு முன்சக்கரம் மட்டும் முதலில் லாக் ஆகும். ஸ்பிரிங் தட்டு நகராத சாதா சஸ்பென்ஷன் என்றால் இதற்கு மெனக்கெட வேண்டாம், பேட்டரியை இடதுபக்கம் பின்னால் மாற்ற விதி இடம் தருகிறதா என்று பார்த்தால் போதும்.

பூதப்பாண்டி வாசகர்: சூடு ஏறாமல் இருக்க தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார்களே?

கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டரில் நிற்காமல் ஓடும் என்பதல்ல சிக்கல். தெர்மோஸ்டாட் தரும் சிறு தடைதான் இன்ஜினுக்குள் தண்ணீரின் அழுத்தத்தை உயர்த்தி, வால்வைச் சுற்றிய சூடான இடங்களில் ஆவிக்குமிழி கட்டாமல் வைத்திருக்கிறது. பல வண்டிகளில் பைபாஸ் வழியை அடைப்பதும் அதுதான். அதை எடுத்தால் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவரும். தெர்மோஸ்டாட் இருக்கட்டும். ரேடியேட்டருக்கும் முன் தட்டிக்கும் இடையே உள்ள இடைவெளிகளை அலுமினியத் தகடும் ஸ்பாஞ்சும் கொண்டு அடையுங்கள். பம்பருக்குள் வரும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிப் போகாமல் ஊடுருவிப் போக வேண்டும். காசு குறைவு, பலன் அதிகம்.

மூடியின் அழுத்தத்தையும் பாருங்கள். 1.1 பார் மூடி நல்ல நிலையில் இருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காது. கிளைகால் கூலன்ட் தடத்தில் கொட்டினால் சோப்பு போல வழுக்கும் என்பதால் பல கிளப்புகள் அதைத் தடை செய்கின்றன. காய்ச்சி வடித்த தண்ணீரும் துருத்தடுப்பு மருந்தும் போதும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

இரணியல் வாசகர்: டயரில் எத்தனை காற்று? கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) எவ்வளவு?

அழுத்தத்தைச் சூட்டில் அளக்க வேண்டும். 900 கிலோ எஸ்டீம் போன்ற வண்டியில் ரேடியல் டயருக்குக் குளிரில் 26 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கி, ஓடிவந்த உடனே அளந்து 32–34இல் நிற்கும்படி காற்றை இறக்குங்கள். ஊசி வெப்பமானியால் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் பாருங்கள். நடு அதிகம் சூடானால் காற்று கூடுதல். இரண்டு ஓரமும் சூடானால் குறைவு. வெளியோரம் மட்டும் சூடானால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாய்வது) போதவில்லை. முன்னால் நெகட்டிவ் 2 முதல் 3 டிகிரி, டோ (சக்கரத்தின் முன்முனை திரும்பியிருக்கும் அளவு) ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. வெளியே என்று தொடங்கலாம். முன்சக்கர வண்டி வளைவில் திரும்ப மறுத்தால் பின் டயரில் 2 பி.எஸ்.ஐ. ஏற்றிப் பாருங்கள், மற்றதைத் தொடுவதற்கு முன்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுக் காற்று பிடிக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த உருளைக்குள் லிட்டர் கணக்கில் தண்ணீர் நிற்கும். அது டயருக்குள் போனால் சூட்டில் அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

தோவாளை வாசகர்: அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கில் சுவிட்ச் போட்டேன். திருகினால் லைட் அணைகிறது, இன்ஜின் அணையவில்லை.

பேட்டரியை மட்டும் துண்டித்திருக்கிறீர்கள். ஆல்டர்னேட்டர் இன்ஜினுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆறு முனை உள்ள பந்தய சுவிட்ச் வாங்குங்கள். பெரிய இரண்டு முனை பேட்டரிக்கு, ஒரு ஜோடி சிறு முனை இக்னிஷனுக்கு, மற்ற ஜோடி உடன் வரும் ரெசிஸ்டர் வழியே ஆல்டர்னேட்டரின் மிச்ச மின்சாரத்தை எர்த்துக்குக் கொண்டுபோக. அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டால் டயோடு எரியும். வெளியிலிருந்தும் உள்ளே பெல்ட் போட்டபடியும் எட்ட வேண்டும். வெளியே வெள்ளை ஓரமிட்ட நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறி, அடிப்பக்கம் 12 செ.மீ.க்குக் குறையாமல்.

மணவாளக்குறிச்சி வாசகர்: முதல் போட்டிக்கு வண்டியை ஓட்டியே கொண்டுபோகலாமா? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலுள்ள பந்தயத் தடம் இங்கிருந்து ஏறக்குறைய 700 கி.மீ.; கோவை செட்டிப்பாளையத்தில், 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே, 400 கி.மீ.க்கு மேல். பந்தயப் பேடோடும் இறுகிய சஸ்பென்ஷனோடும் அவ்வளவு தூரம் ஓட்டி வண்டியைத் தேய்த்துவிட்டுத் தடத்தில் இறக்குவதில் அர்த்தமில்லை. வழியில் நின்றாலும், போட்டியில் இடித்தாலும் திரும்பி வர வழியும் இல்லை. மேடை லாரியில் ஏற்றுங்கள். பட்டையை டயர் மேல் போட்டு இறுக்குங்கள், உடலிலோ சஸ்பென்ஷனிலோ கட்ட வேண்டாம். தார்ப்பாய் போடுவதானால் ஆரல்வாய்மொழி கடக்கும்வரை போடாதீர்கள். முப்பந்தல் காற்றில் தார்ப்பாய் படபடத்தால் பத்து நிமிடத்தில் பெயின்ட் தேய்ந்து பிரைமர் தெரியும்.

உதிரியில் முதலிடம் முன் ஹப், பேரிங், வீல் ஸ்டட், நட். அடுத்து ஒரு செட் பேட், ஒரு ஜோடி டிஸ்க், பிரேக் ஆயில், கிளட்ச் கேபிள், பெல்ட், இக்னிஷன் காயில், கிராங்க் சென்சார், தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸும், இன்ஜின் ஆயில் 5 லிட்டர். டார்க் ரெஞ்ச் கட்டாயம். எம்12 நட்டுக்குப் பெரும்பாலான வண்டிகளில் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் நான்கிலும் மறுபடி பாருங்கள், புது ஸ்டட்டோ பெயின்ட் அடித்த சக்கரமோ என்றால் நிச்சயம் ஒரு கால் சுற்று ஏறும்.

பரிசோதனையில் புதியவர்கள் திரும்பி வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களுக்கு: ஆடும் பேட்டரி, மூடாத பாசிட்டிவ் முனை, பிளாஸ்டிக் பட்டையில் தொங்கும் தீயணைப்பான், ஆயில் ஆவி பிடிக்கும் 2 லிட்டர் டப்பா இல்லாமை, காலாவதியான பெல்ட். எப்.ஐ.ஏ. பெல்ட்டின் லேபிளில் அச்சிட்ட ஆண்டு முடிந்தால் அது போட்டிக்கு ஆகாது. சீட்டுக்கும் ஆயுள் உண்டு, பெரும்பாலானவற்றுக்குச் செய்த தேதியிலிருந்து 5 ஆண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய பெல்ட் வாங்கும் முன் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இழுக்கும் வளையத்துக்கு மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு மூன்றில் ஏதாவது ஒரு பெயின்ட் அடித்து, பம்பருக்கு வெளியே கைக்கு எட்டும்படி வையுங்கள்.